பிடுங்கக் கூடாத பல்

புதிதாகக் கிளினிக் திறந்திருக்கும் நீங்கள் என்னைப் பார்க்க வரும்போதெல்லாம் ஓர் எக்ஸ்ரேயோடுதான் வருகிறீர்கள். இப்போது அது கைபேசியிலேயே இருக்கிறது. திரையை என் முகத்துக்கு நேராக நீட்டி, "மேடம், இதைப் பிடுங்கிடலாமா, ரூட் கெனால் பண்ணலாமா?" என்று கேட்கிறீர்கள். நானும் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்க்கிறேன். வேர் எவ்வளவு மிச்சம், சுற்றியுள்ள எலும்பு எப்படி, மேலே கட்டுவதற்குப் பல்லில் சுவர் இருக்கிறதா என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். அதனால் நான், "ஆள் யாரு?" என்று திருப்பிக் கேட்கிறேன். "நாப்பத்தஞ்சு வயசு, ஆண்" என்கிறீர்கள். நான் கேட்டது அதை இல்லை.

ஏன் அப்படிக் கேட்கிறேன் என்பதை ஒருமுறை முழுதாகச் சொல்லிவிடுகிறேன். கிளினிக்கை மூடிவிட்டு வீட்டில் உட்கார்ந்திருக்கும் இந்த நாட்களில், செய்த வேலைகளில் பாதி மறந்துவிட்டது. இது மறக்கவில்லை.

அன்று பௌர்ணமி. நம் ஊரில் பௌர்ணமி என்றால் கிரிவலக் கூட்டத்தால் மதியத்துக்கு மேல் வண்டி எதுவும் உள்ளே வராது. அதனால் வெளியூர் நோயாளிகள் காலையிலேயே வந்து குவிவார்கள். தேரடித் தெருவை ஒட்டிய சந்தில், மாடியில் என் கிளினிக். படிக்கட்டிலேயே ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். அந்தக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு இரண்டு பேர் மேலே வந்தார்கள். முன்னால் வந்தவர் காதர் பாய். அறுபதைத் தாண்டியவர், பருத்த உடம்பு, பெரிய குரல். அவர் கையைப் பிடித்துக்கொண்டு, கன்னத்தில் கைக்குட்டையை அழுத்தியபடி வந்தவர் அவருடைய தம்பி சலீம். ஆட்டோக்களுக்கு சீட்டும் மேல்கூரையும் தைக்கிற கடை அவர்களுடையது. பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் அந்தக் கடையை ஊரில் ஆட்டோ ஓட்டுகிற எல்லாருக்கும் தெரியும்.

"ராத்திரி பூரா தூங்கல டாக்டரம்மா. சுவத்துல தலைய முட்டிக்கிறான். அந்தப் பல்ல புடுங்கி எறிஞ்சிடுங்க" என்றார் காதர் பாய்.

சலீமை நாற்காலியில் சாய்த்தேன். இடது பக்கம் கீழே, கடைவாய்ப் பல். மேல் பாகம் போய்விட்டது. ஈறோடு ஒட்டி ஒரு கறுத்த விளிம்பும், நடுவில் ஒரு குழியும் மட்டும் மிச்சம். மற்ற பற்களும் நன்றாக இல்லை. சொத்தை வழக்கம்போல மெல்லுகிற இடத்தில் இல்லாமல், ஒவ்வொரு பல்லின் கழுத்தையும் சுற்றி வளையம் போட்டதுபோல இருந்தது. வாய்க்குள் விட்ட கண்ணாடி கன்னத்தின் உட்புறத்தில் ஒட்டிக்கொண்டது. இழுத்தால்தான் வந்தது. எச்சிலே இல்லை.

"சர்க்கரை இருக்கா?" என்று கேட்டேன்.

"இல்லீங்க."

"வேற ஏதாவது வியாதி? ஆபரேஷன்? ரொம்ப நாளா சாப்பிடுற மாத்திரை?"

சலீம் அண்ணனைப் பார்த்தார். பிறகு கூரையைப் பார்த்தார். "ஒண்ணும் இல்லீங்க" என்றார்.

"நல்லா இருக்கறவன்தாங்க. டீ ஜாஸ்தி குடிப்பான், அவ்ளோதான்" என்றார் அண்ணன்.

எக்ஸ்ரே எடுத்தேன். வேர் நுனிகளைச் சுற்றிக் கறுப்பாக, சீழ் அரித்த எலும்பு. அந்தப் படத்தை இப்போது உங்கள் யார் கையில் கொடுத்தாலும் ஒரே பதில்தான் வரும். மேலே எதையும் கட்ட முடியாத பல். பிடுங்க வேண்டியதுதான். நானும் அதையே முடிவு செய்தேன். மரத்துப்போக ஊசி போட்டேன். இடுக்கியை எடுத்தேன்.

கீழ்ப்பல்லைப் பிடுங்கும்போது இடது கையால் தாடையைக் கீழிருந்து தாங்கிக்கொள்ள வேண்டும் என்று படித்திருப்பீர்கள். நான் படித்த காலத்தில் எங்களுக்கு ஒரு பேராசிரியர் இருந்தார். வலது கை என்ன செய்கிறது என்று அவர் பார்க்கவே மாட்டார். மாணவர்களின் இடது கையைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார். "நோயாளியைத் தொடுற கை அதுதான், இன்னொரு கை வெறும் இரும்பைத்தான் தொடுது" என்பார். நான் சலீமின் தாடைக்குக் கீழே இடது கையைக் கொடுத்தேன்.

அங்கே சதை மெத்தென்று இல்லை. மரப்பலகையைத் தொட்டதுபோல இருந்தது.

நான் கையை எடுக்கவில்லை. குனிந்து பார்த்தேன். நாற்காலியில் சாய்ந்திருந்ததால் அவருடைய தாடி ஒரு பக்கமாகச் சரிந்திருந்தது. வலது பக்கம் அடர்த்தியான தாடி. அதை நீளமாக வளர்த்து இடது பக்கமாகச் சீவி விட்டிருக்கிறார். சரிந்த தாடிக்கு அடியில், இடது தாடையிலிருந்து கழுத்து வரை ஒரு முடிகூட இல்லை. தோல் வழவழவென்று மின்னியது. அதன் எல்லை அடிக்கோல் வைத்துக் கோடு போட்டதுபோல நேராக இருந்தது. உடம்பு தானாக அப்படி நேர்கோடு போடாது.

இடுக்கியைத் தட்டில் வைத்தேன்.

"பெரிய பாய், ஒரு மாத்திரை எழுதித் தரேன். கீழ மெடிக்கல்ல வாங்கிட்டு வந்துடறீங்களா?" என்றேன். அவர் முணுமுணுத்துக்கொண்டே போனார். அந்தக் கூட்டத்தில் இறங்கி ஏற அவருக்குக் கொஞ்ச நேரமாவது ஆகும்.

கதவு சாத்திய பிறகு கேட்டேன். "சலீம் பாய், கழுத்துல கரண்ட் வச்சாங்களா?"

ரேடியேஷனை நம் பக்கத்து ஜனங்கள் அப்படித்தான் சொல்கிறார்கள். அவர் கண்ணை மூடிக்கொண்டார். கண்ணின் ஓரத்திலிருந்து நீர் காதுக்குள் இறங்கியது. பிறகு சொன்னார்.

சில வருடங்களுக்கு முன் தொண்டையில் கட்டி வந்திருக்கிறது. புற்றுநோய். வேலூரில் வைத்தியம். அண்ணனிடம் சொல்லவில்லை. பெங்களூரில் ஒரு பஸ் கம்பெனியில் சீட் தைக்கிற வேலை கிடைத்திருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். விஷயம் மனைவிக்கு மட்டும் தெரியும். இவர்களுடைய அப்பா வாயில் புற்று வந்து இறந்தவர். அப்போது சலீம் கைக்குழந்தை. காதர் பாய்தான் கூட இருந்து பார்த்தவர். படிப்பை விட்டுவிட்டுத் தையல் மெஷினில் உட்கார்ந்து தம்பியை வளர்த்தவரும் அவர்தான்.

"அவரு இன்னொரு வாட்டி அதைப் பாக்கக் கூடாதுங்க" என்றார் சலீம்.

"கரண்ட் வைக்கும்போது தனியா இருந்தீங்களா?"

"ஆமாங்க. மொகத்துக்கு வலை மாதிரி ஒண்ணு போட்டு டேபிளோட சேத்து பூட்டிடுவாங்க. அசையக் கூடாது. நான் கண்ண மூடிக்கிட்டு ஒரு ஆட்டோவுக்கு டாப்பு தைப்பேன். மனசுக்குள்ளதான். அளவெடுத்து, வெட்டி, மூலை மடிச்சி. தெச்சி முடிக்கறதுக்குள்ள எழுப்பிடுவாங்க. மறுநா விட்ட எடத்துல இருந்து தைப்பேன்."

"பல்லு புடுங்கக் கூடாதுன்னு அங்க சொல்லலையா?"

"சொன்னாங்க. எங்கள கேக்காம கை வைக்க விடாதேன்னாங்க."

"பின்ன ஏன் பாய் சொல்லல?"

"அண்ணன் பக்கத்துல நின்னுட்டு இருந்தாரு இல்லீங்களா."

நான் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். அந்த மனிதருக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. தெரிந்தேதான் வாயைத் திறந்து காட்டிக்கொண்டு, கூரையைப் பார்த்துப் படுத்திருந்தார். அண்ணனுக்குத் தெரிவதைவிடத் தாடை போவது மேல் என்று கணக்குப் போட்டிருக்கிறார்.

கதிர்வீச்சு போன எலும்பு பார்க்க மற்ற எலும்பு போலத்தான் இருக்கும். ஆனால் அதற்குள் ரத்த ஓட்டம் சுருங்கிவிட்டிருக்கும். பல்லைப் பிடுங்கினால் அந்தக் குழி மூடாமலே போகலாம். எலும்பு வெளியே தெரிந்து, சிறிது சிறிதாகச் செத்து, கடைசியில் ஒரு நாள் சோறு மெல்லும்போது தாடை உடையலாம். சரி, பிடுங்காமல் விட்டால்? வேர் நுனியில் சீழ் இருக்கிறது. அதே எலும்பை அது உள்ளிருந்து அரிக்கும். விடவும் முடியாது, எடுக்கவும் முடியாது. ரூட் கெனால் செய்யலாம் என்றால் மேலே பல்லே இல்லை, வாயும் இரண்டு விரல் அகலத்துக்கு மேல் திறக்கவில்லை.

வேலூர் டாக்டரின் எண்ணைக் கேட்டேன். சலீமின் போனில் அது 'பெங்களூர் முதலாளி' என்ற பெயரில் இருந்தது. நல்லவேளை, அவர் எடுத்தார். "அந்தப் பக்கம் தாடைக்கு முழு அளவு போயிருக்கு, மேடம். பிடுங்காம சமாளிக்க முடியும்னா பிடுங்காதீங்க" என்றார். பிறகு கொஞ்சம் தயங்கி, "ஆனா பல் நீங்க சொல்ற நிலைமையில இருந்தா என்ன செய்ய முடியும்னு எனக்குத் தெரியாது. அது உங்க முடிவு" என்றார்.

போனை வைத்தபோது வெளியே ஒலிபெருக்கியில் போலீஸ் அறிவிப்பு. படிக்கட்டில் யாரோ குழந்தையை அதட்டுகிறார்கள். இதற்கு இரண்டாவது கருத்து சொல்ல அந்த அறையில் வேறு டாக்டர் இல்லை. நீங்களும் இப்படி ஒரு நாள் நிற்பீர்கள். அப்போது கை பரபரக்கும். எதையாவது செய்து முடித்துவிட வேண்டும் என்று தோன்றும். அந்தப் பரபரப்பு அடங்கும்வரை எதையும் தொடாதீர்கள். நான் போய்க் கை கழுவினேன். ஏற்கெனவே சுத்தமாக இருந்த கையை, மெதுவாக, முழங்கை வரை கழுவினேன். கழுவி முடித்தபோது முடிவு வந்துவிட்டது.

வேரைக் காப்பாற்றுவது. அதன் மேல் கேப் போட்டு மெல்ல வைப்பதற்காக இல்லை, எலும்பைத் திறக்காமல் இருப்பதற்காக. வேருக்குள் இருக்கும் அழுகலைச் சுத்தம் செய்து அடைத்து, மேலே மிஞ்சிய விளிம்பை ஈறு மட்டத்துக்குச் சீவி, மூடிவிடுவது. சலீமிடம் சொன்னேன்.

அவர் யோசித்தார். "அப்ப பல்லு இருக்கும், ஆனா இருக்காது?"

"அப்படித்தான்."

அன்றைக்குச் சீழை வெளியேற்றி வலியை மட்டும் அடக்கிவிட்டு, மற்றதை அடுத்தடுத்த நாட்களில் செய்யலாம் என்று ஆரம்பித்தேன். பல்லைத் திறந்ததும் உள்ளே அடைபட்டிருந்தது வெளியே வந்தது. அவர் தோள்கள் இறங்கின. மூச்சு நீளமாக வந்தது.

அப்போதுதான் காதர் பாய் உள்ளே வந்தார், வியர்த்துக் கொட்டியபடி.

"புடுங்கியாச்சா?"

"இல்ல பாய். பிடுங்கப் போறதில்ல. வேர உள்ளேயே வச்சி வைத்தியம் பண்றேன்."

அவர் முகம் சிவந்தது. "இன்னாங்க இது? அழுவிப்போன பல்ல உள்ள வச்சி மூடுவாங்களா? ஒரு பல்லு புடுங்கறதுக்கு இவ்ளோ யோசனையா? டேய், எழுந்திரு. வேற எடத்துல காட்டலாம். அஞ்சு நிமிஷ வேலை."

அவர் சொன்னது சரிதான். வேறு எந்த இடத்திலும் அது ஐந்து நிமிட வேலை. எந்த டாக்டரும் அந்த எக்ஸ்ரேயைப் பார்த்து, மனசாட்சிக்கு விரோதம் இல்லாமல் பிடுங்கிவிடுவார். ஒரே ஒரு வார்த்தை சொன்னால் காதர் பாயை நான் நிறுத்தியிருக்க முடியும். ஆனால் அந்த வார்த்தை என்னுடையது இல்லை. சலீம் நாற்காலியிலிருந்து காலைக் கீழே தொங்கப்போட்டுவிட்டார். எழுந்து போகத் தயார். அந்த நிமிடம் பயந்ததுபோல எந்த அறுவை சிகிச்சையின்போதும் நான் பயந்ததில்லை.

நான் சலீமைத்தான் பார்த்தேன். "போறது உங்க இஷ்டம் பாய். ஆனா அங்க நாற்காலியில உக்காரும்போது, எங்கிட்ட சொன்னத அவங்ககிட்டயும் சொல்லணும். அத மட்டும் சத்தியமா பண்ணணும்."

காதர் பாய் என்னைப் பார்த்தார், தம்பியைப் பார்த்தார். "என்னடா சொன்ன?" என்றார். குரல் அவருடையது மாதிரியே இல்லை.

மரத்த நாக்கோடு சலீமுக்குப் பேச்சு சரியாக வரவில்லை. அவர் அண்ணனின் கையைப் பிடித்தார். இன்னொரு கையால் தாடியை ஒதுக்கினார். அந்தப் பெரிய கையைத் தன் தாடைக்கு அடியில் வைத்து, "தொட்டுப் பாருண்ணே" என்றார்.

காதர் பாயின் விரல்கள் அந்தக் கட்டிப்போன இடத்தை மெதுவாகத் தடவின. ஒரு முனையிலிருந்து இன்னொரு முனை வரைக்கும். கையை எடுக்காமலே சொன்னார்.

"தெரியும்டா."

சலீம் தலையைத் தூக்கி அண்ணன் முகத்தைப் பார்த்தார்.

"பெங்களூர்ல இருக்கேன்னு தெனமும் போன் பண்ணுவ. வேலை ஜாஸ்தின்னுவ. பின்னாடி ஒருத்தன் 'காட்பாடி, காட்பாடி'னு கூவிக்கினே இருப்பான். பெங்களூர்ல எவன்டா காட்பாடின்னு கூவுவான்? அது வேலூரு பஸ்காரன் கூவறது. வேலூர்ல ஒருத்தன் மாசக்கணக்குல தங்கறான்னா எதுக்குத் தங்குவான்? வந்தேன். ஆஸ்பத்திரி வெளிய மரத்தடியில கழுத்துல துணி சுத்திக்கிட்டு உக்காந்துனு இருந்த. கையில கஞ்சி டம்ளர். கூப்புடலாம்னு பாத்தேன். எனக்குத் தெரியக் கூடாதுன்னுதானே இவ்ளோ பாடு படற. சரி, தெரியாத மாதிரியே இருந்துடலாம்னு திரும்பி பஸ் ஏறிட்டேன்."

பிறகு என் பக்கம் திரும்பினார். "பல்லுன்னு சொன்னான் டாக்டரம்மா. நான் நம்பல. அது திரும்ப வந்துடுச்சோன்னு நெனச்சேன். அதான் சீக்கிரம் புடுங்கி வெளிய எடுத்துட்டா..." முடிக்காமல், வாங்கி வந்த மாத்திரையை என்னிடம் நீட்டினார்.

அவர் போட்ட சத்தம் எல்லாம் பயம் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. "இது பல்லுதான் பாய். நான் பார்த்த வரைக்கும் அது இல்ல. இருந்தாலும் வேலூர்லயும் ஒரு தடவ காட்டிடுங்க. இந்தத் தடவ ரெண்டு பேரும் சேர்ந்து போங்க" என்றேன்.

சேர்ந்தே போனார்கள். அங்கேயும் பார்த்துவிட்டு, நோய் திரும்பவில்லை என்று சொன்னார்கள். அதன் பிறகுதான் என் வேலை. திறக்காத வாய்க்குள், தெரியாத குழியைத் தேடி, பல தடவை அவரைப் படுக்க வைத்தேன். அதையெல்லாம் விவரிக்கப் போவதில்லை, அது நீங்கள் தினமும் செய்கிற வேலை. ஒவ்வொரு முறையும் சலீம் கண்ணை மூடிக்கொண்டு அசையாமல் கிடப்பார். நடுவில் ஒரு நாள், "இன்னா, டாப்பு முடிஞ்சுதா?" என்று ஓரத்தில் உட்கார்ந்திருந்த அண்ணன் கேட்டார். சலீம் அவரிடம் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறார் போல.

அந்தச் சமயத்திலேயே காதர் பாய்க்கும் ஒரு கடைவாய்ப் பல் தொல்லை கொடுத்தது. அதே மாதிரி உடைந்த பல், வேர் நுனியில் அதே மாதிரி கறுப்பு. இரண்டு எக்ஸ்ரேக்களையும் அடுத்தடுத்து வைத்தால் உங்களுக்கு வித்தியாசம் தெரியாது. அண்ணனுடையதைப் பிடுங்கினேன். ஒரு வாரத்தில் ஆறிவிட்டது. பல் ஒரே மாதிரிதான். அது ஊன்றி நிற்கும் எலும்பு எதையெல்லாம் தாண்டி வந்திருக்கிறது என்பது படத்தில் விழுவதில்லை. 'ஆள் யாரு' என்று நான் கேட்பது அதைத்தான்.

அடைத்து மூடிய பிறகும் எனக்கு நிம்மதி இல்லை. சீழ் நின்றுவிட்டது, வலி போய்விட்டது. ஆனால் ஏற்கெனவே அரித்துப்போன அந்த இடம் என்ன ஆகும்? ஒரு காயத்தை மூடக்கூடத் தெம்பில்லாத எலும்பு என்றுதானே பிடுங்க பயந்தோம். அது அப்படியே கிடந்தால் போதும், மோசமாகாமல் இருந்தால் போதும் என்றுதான் நினைத்தேன். முதல் சில படங்களில் ஒரு மாற்றமும் இல்லை. கறுப்பு கறுப்பாகவே இருந்தது.

ஒரு வருடம் தாண்டியிருக்கும். சலீம் வழக்கம்போல வந்தார், அண்ணனும் கூட வந்தார். படம் எடுத்துக் கணினித் திரையில் போட்டேன். பழைய படத்தையும் பக்கத்தில் போட்டேன். முதலில் வேறு யாருடைய படத்தையோ போட்டுவிட்டோம் என்று நினைத்தேன். பெயரைப் பார்த்தேன். அவருடையதுதான். வேர் நுனியைச் சுற்றியிருந்த கறுப்புக்குள், ஓரங்களிலிருந்து நடுவை நோக்கி, மெல்லிய சாம்பல் நிறக் கோடுகள் வந்திருந்தன. வலை பின்னியதுபோல. எலும்பு.

"இது இன்னாங்க?" என்று காதர் பாய் திரைக்குக் கிட்டே வந்து கேட்டார்.

"புதுசா வளர்ந்த எலும்பு, பாய். முன்னாடி இந்த இடம் வெறும் ஓட்டையா இருந்தது."

"நீங்க வச்சதா?"

"இல்ல. அழுகலை எடுத்தது மட்டும்தான் நான். இது தானா வந்தது."

அவர் திரையை ரொம்ப நேரம் பார்த்தார். சலீம் எழுந்து வந்து அண்ணனுக்குப் பக்கத்தில் நின்றார். முப்பது வருடத்துக்கு மேல் எக்ஸ்ரே பார்த்தவள் நான். எலும்பு வளர்வதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். ஆனால் அந்த எலும்பு வளரும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை. அவ்வளவு கதிர் பாய்ந்த பிறகு, யாரும் கேட்காமல், யாருக்கும் தெரியாமல், அது தன் போக்கில் வேலை செய்துகொண்டிருந்திருக்கிறது.

"இன்னும் வளருமா டாக்டரம்மா?" என்று சலீம் கேட்டார்.

"தெரியல பாய்" என்றேன். அது உண்மை.

அவர்கள் படியிறங்கிப் போன பிறகும் திரையை நான் அணைக்கவில்லை. வெளியே ஆட்கள் காத்திருந்தார்கள். அடுத்தவரை உள்ளே கூப்பிட எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.